பழைய எலெக்ட்ரிக் கார்: வாங்கும் முன் பார்த்தவை, வாங்கிய பின் கழற்றியவை

விற்கிறவர்களிடம் போனில் நான் முதலில் கேட்டது விலையையோ ஓடிய கிலோமீட்டரையோ அல்ல. "நான் வரும்போது சார்ஜ் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அன்றைக்குக் காலையில் வண்டியை எடுக்காமல், சார்ஜிலும் போடாமல் வையுங்கள்" என்பதுதான். பலருக்கு இது வினோதமாகப் பட்டது. வண்டி பார்க்க ஆள் வருகிறார் என்றால் கழுவித் துடைத்து, நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றி நிறுத்துவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ஆனால் பேட்டரியின் குறை கண்ணுக்குத் தெரியாமல் போவது அந்த நூறு சதவீதத்தில்தான்.

பேட்டரி பேக்குக்குள் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. 400 வோல்ட் வகைக் கார்கள் பலவற்றில் இது 96 குழு கொண்ட வரிசை; ஒன்றோ பலவோ செல்கள் சேர்ந்தது ஒரு குழு. ஒவ்வொரு குழுவின் வோல்டேஜையும் பேட்டரியைக் கண்காணிக்கும் கணினியான பி.எம்.எஸ். தனித்தனியாக அளக்கிறது. சார்ஜ் உச்சிக்கு வரும்போது, முந்திக்கொண்டு ஏறிய செல்களின் மின்சாரத்தைச் சிறு ரெசிஸ்டர்கள் வழியாகக் கசியவிட்டு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும். ஆகவே முழு சார்ஜில் நல்ல செல்லும் நொந்த செல்லும் ஒரே வோல்டேஜில்தான் நிற்கும். கொள்ளளவு குறைந்த செல், பேக் காலியாகும்போதுதான் மற்றவற்றுக்கு முன்பாகச் சரியும். லித்தியம் செல்லின் வோல்டேஜ் நடுப்பகுதியில் மெதுவாக இறங்கி, கடைசியில் மளமளவென்று விழும் குணம் கொண்டது. மேலே 10 மில்லிவோல்ட்டாக இருந்த வித்தியாசம் கீழே 100 மில்லிவோல்ட்டைத் தாண்டுவது அந்தக் கடைசிப் பகுதியில்தான்.

கையோடு எடுத்துப்போனவை அதிகமில்லை. காரின் கணினி விவரங்களைப் படிக்க உதவும் ஓ.பி.டி. போர்ட்டில் செருகும் ஒரு நல்ல புளூடூத் டாங்கிள் (விவரத்தைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி), அந்தந்த மாடலின் பேட்டரி விவரங்களைப் படிக்கும் ஆப், மல்டிமீட்டர், டார்ச், டயர் ஆழம் பார்க்கும் கேஜ், தரையில் விரித்துப் படுக்க ஒரு பாய். டாங்கிளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரொம்ப மலிவானவை பாதி விவரத்தைத் தவறவிடும், சில நேரம் இணைப்பே அறுந்துபோகும். ஆப்பும் காருக்கேற்ற ஆப்பாக இருக்க வேண்டும். நிஸ்ஸான் லீஃப் என்றால் லீஃப் ஸ்பை என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அது செல் வோல்டேஜோடு, வண்டி எத்தனை முறை ஃபாஸ்ட் சார்ஜ் ஆனது என்ற கணக்கையும் காட்டும்.

முதலில் பார்த்த கார் வெளியில் மிக நன்றாக இருந்தது. பெயின்ட், சீட், உள்ளலங்காரம் எதிலும் குறையில்லை. ஆப்பில் பேட்டரி ஆரோக்கியம் 88 சதவீதம் என்று வந்தது. பலர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் பி.எம்.எஸ். போடும் மதிப்பீடு. செல்லை நேரடியாக அளந்து வந்ததல்ல. சில மாடல்களில் அதை ரீசெட் செய்யவும் முடியும். ரீசெட் செய்த பின் கொஞ்ச காலத்துக்குப் புதுப் பேட்டரிபோலக் காட்டி, ஓட ஓட உண்மை நிலைக்கு இறங்கும். மீட்டரில் தெரியும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்ற கணக்கை இதைவிடக் குறைவாகத்தான் நம்புவேன். அண்மையில் வண்டியை எப்படி ஓட்டினார்கள் என்பதை வைத்துப் பெரும்பாலும் அது மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் செல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உரிமையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டப் போனேன். நின்றிருந்தபோது உச்ச செல்லுக்கும் அடி செல்லுக்கும் வித்தியாசம் 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தது. வெறும் சாலையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தியபோது ஒரே ஒரு குழு மட்டும் மற்றவற்றைவிட 150 மில்லிவோல்ட்டுக்கு மேல் கீழே போனது. காலை எடுத்ததும் மேலே வந்தது. மறுபடி அழுத்தினால் மறுபடி அதே குழு. 12 சதவீதத்துக்கு இறங்கியதும் வண்டி தானாகவே பவரைக் குறைத்துக்கொண்டது.

லோடில், அதாவது அதிக மின்சாரம் இழுக்கும்போது மட்டும் ஒரு செல் தொய்வது உள் மின்தடை ஏறியதன் அறிகுறி. நூறு ஆம்பியர் ஓடும்போது ஒரு மில்லி ஓம் கூடினாலே 100 மில்லிவோல்ட் விழும், நேரான கணக்கு. பேக்கில் மற்ற செல்களெல்லாம் எவ்வளவு திடமாக இருந்தாலும், இந்த ஒன்று அடிமட்டத்தைத் தொட்டதும் பி.எம்.எஸ். 'போதும்' என்று நிறுத்திவிடும். அந்த 88 சதவீதத்தால் பிறகு என்ன பயன்? எந்தக் குழு விழுந்தது என்பதைத் திரையில் காட்டி, படமும் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். மாட்யூல் மாற்றத் தெரிந்த பட்டறைக்குப் போனால் இந்த விவரம் அவருக்கு உதவும்.

இந்தச் சோதனையை எந்தக் காருக்கும் செய்யலாம். நிற்கும்போது 10, 20 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 50ஐத் தாண்டினால் கேள்வி கேட்பேன். லோடில் எல்லா செல்களும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறினால் நல்லது. தனியாக ஒன்று விலகினால்தான் சிக்கல். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி கொண்ட கார்களில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அவற்றின் வோல்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்ட சமதளம். எனவே சார்ஜ் எவ்வளவு என்ற கணக்கிலேயே பி.எம்.எஸ். வழி தவறும். அதைத் திருத்தத்தான் அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்றச் சொல்கிறார்கள். நீண்ட நாள் அப்படி ஏற்றாத எல்.எஃப்.பி. கார், பேட்டரி நன்றாக இருந்தும் திரையில் தவறான சதவீதம் காட்டலாம்.

இரண்டாவது பார்த்த காரில் செல்கள் எல்லாம் ஒழுங்கு. ஆனால் காரின் கணினி நினைவகத்தில் ஒரு பழைய பிழைக் குறியீடு (ஃபால்ட் கோடு) இருந்தது: இன்சுலேஷன் குறைவு. மின்காரில் உயர் வோல்டேஜ் வயர்கள் காரின் பாடியோடு எங்கும் ஒட்டக் கூடாது. ஐ.நா.வின் ஆர் 100 விதிமுறைப்படி, மாறுதிசை மின்சாரப் பகுதியும் நேர்திசை மின்சாரப் பகுதியும் இணைந்த அமைப்பில் வோல்ட்டுக்குக் குறைந்தது 500 ஓம் இன்சுலேஷன் வேண்டும். 400 வோல்ட் என்றால் 200 கிலோ ஓம். நல்ல காரில் இது இதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். இந்தக் காரின் ஆப்பிலும் இன்சுலேஷன் அளவு தெரிந்தது, அதிர்ஷ்டம்தான். எல்லாவற்றையும் அணைத்து வைத்தால் அளவு நன்றாக இருந்தது. ஹீட்டரைப் போட்டேன், மாற்றமில்லை. ஏசியைப் போட்டதும் சரசரவென்று இறங்கியது.

அப்புறம்தான் தெரிந்தது, ஏசி கேஸ் குறைந்ததென்று ஒரு பட்டறையில் கேஸும் ஆயிலும் நிரப்பியிருக்கிறார்கள். மின்காரின் கம்ப்ரஸரில் மோட்டாரின் காயிலே ஆயிலிலும் கேஸிலும் நனைந்தபடிதான் ஓடுகிறது. ஆகவே பல கார்களில் மின்சாரம் கடத்தாத பி.ஓ.ஈ. வகை ஆயில்தான் போட வேண்டும். சாதாரணக் காருக்குப் போடும் பி.ஏ.ஜி. ஆயில் கலந்தால் இன்சுலேஷன் கெடும். கலந்தபின் கம்ப்ரஸரோடு, முழு ஏசி லைனையும் கழுவவோ மாற்றவோ வேண்டியிருக்கும். பெட்ரோல் காரில் ஏசி என்பது சொகுசு. இங்கே பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே கம்ப்ரஸர்தான். கெட்டால் ஃபாஸ்ட் சார்ஜிங்கும் தளர்ந்துவிடும். நான் அந்தக் காரையும் விட்டேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிற வயர்கள், அவை போகும் பெட்டிகள் எதையும் நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள். காரை அணைத்த பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் உயிரைக் குடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும். நான் சொன்ன அளவுகள் எல்லாமே ஓ.பி.டி. வழியாகக் கிடைப்பவை. மல்டிமீட்டரை 12 வோல்ட் பக்கத்தில் மட்டும்தான் வைத்தேன்.

மூன்றாவதாகப் பார்த்த காரைத்தான் வாங்கினேன். அதையும் குறைந்த சார்ஜில், ஆறிய நிலையில் பார்த்தேன். லோடில் செல்கள் ஒன்றாக இறங்கி ஒன்றாக ஏறின. ஹீட்டர், ஏசி, பின்கண்ணாடி டீஃபாகர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டு இன்சுலேஷனைப் பார்த்தேன், அசையவில்லை. ஹீட்டரை வெயில் நாளிலும் போட்டுப் பார்க்க வேண்டும். உயர் வோல்டேஜில் இயங்கும் ஹீட்டர் கெட்டால் மாற்றும் செலவு பெரிது. தேவைப்படாத பருவத்தில் யாருமே அதைச் சோதிப்பதில்லை.

அதன்பின் சார்ஜிங். இதற்கு நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும், அவசரப்படுத்துபவரிடம் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜிங்குக்கும் டிசி (நேர்திசை மின்சார) ஃபாஸ்ட் சார்ஜிங்குக்கும் காருக்குள் வெவ்வேறு பாதை. ஏசியில் காருக்குள்ளிருக்கும் ஆன்போர்டு சார்ஜர் வேலை செய்கிறது. டிசியில் அதைத் தாண்டி கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்ச் வழியாக நேரே பேட்டரிக்கு மின்சாரம் போகிறது. ஒன்று வேலை செய்வதால் மற்றொன்று நன்றாக இருக்கிறது என்று ஆகாது. மூன்று ஃபேஸ் சார்ஜர் உள்ள காரை மூன்று ஃபேஸிலேயே சோதிக்க வேண்டும். ஒரு ஃபேஸ் செத்த சார்ஜர் வீட்டுப் பிளக்கில் ஒழுங்காகவே ஏற்றக்கூடும். சார்ஜ் போர்ட்டின் பின்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். பழுப்பேறியோ, சுற்றிலுமுள்ள பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அங்கே சூடேறியிருக்கிறது என்று பொருள்.

கொள்ளளவை நானே கணக்கிட இதுதான் வழி. 15 சதவீதத்தில் தொடங்கி 95 சதவீதம் வரை ஏசியில் ஏற்றி, சார்ஜர் மீட்டரில் எத்தனை யூனிட் என்று பார்த்தேன். 35 யூனிட் காட்டியது. ஏசி சார்ஜிங்கில் 10 முதல் 15 சதவீதம் வழியில் வெப்பமாகப் போய்விடும். நான் 12 என்று வைத்துக்கொண்டேன். அப்படியென்றால் பேட்டரிக்குள் சேர்ந்தது 30.8 யூனிட். இது 80 சதவீதத்துக்கான அளவு, ஆக முழுப் பேட்டரி 38.5 யூனிட். புதிதில் பயன்படுத்தக்கூடிய அளவு 45 யூனிட் என்பதால் மிச்சம் ஏறத்தாழ 85 சதவீதம். ஆப் 86 என்றது. இரண்டு வழியும் ஒன்றையே சொன்னதால் அந்த எண்ணை நம்பினேன். ஆப் 95 சொல்லி, மீட்டர் கணக்கு 78 வந்திருந்தால் யாரோ ரீசெட் செய்திருக்கலாம் என்று சந்தேகித்திருப்பேன்.

மாடலுக்கு மாடல் தெரிந்துகொள்ள வேண்டிய குறைகளும் உண்டு. முதல் இரண்டு தலைமுறை லீஃப்களின் பேட்டரிக்குக் கூலன்ட் கிடையாது. வெப்ப நாடுகளில் ஓடியவை வேகமாகத் தேய்ந்தன. முந்தைய லீஃப்களின் மீட்டரில் 12 கோடுகள் இருக்கும், முதல் கோடு அணையவே ஏறத்தாழ 15 சதவீதம் போயிருக்க வேண்டும். ஆக 12 கோடும் எரிகிறது என்பதற்குப் 'புதுசு மாதிரி' என்று அர்த்தமில்லை. 2012 முதல் 2018 வரை வந்த டெஸ்லா மாடல் எஸ் கார்களில் திரையின் 8 ஜிபி நினைவகச் சிப் எழுதி எழுதித் தேய்ந்ததால் 2021இல் திரும்ப அழைத்தார்கள். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி 6 ஆகியவற்றில் ஐ.சி.சி.யூ. என்ற சார்ஜிங் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டு 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகாமல் போவதற்காக 2024இல் ரீகால் வந்தது. செவ்ரோலே போல்ட், ஹூண்டாய் கோனா இரண்டுக்கும் தீ அபாயம் காரணமாக 2021இல் பெரிய பேட்டரி ரீகால்கள். இதில் நல்ல பக்கமும் இருக்கிறது: ரீகாலில் பேட்டரி மாற்றிய கார் என்றால் ஓடிய கிலோமீட்டரைவிடப் பேட்டரி இளமையானது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் எந்த ரீகால் முடிந்தது, எது பாக்கி என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் மையமே சொல்லிவிடும்.

காகித விஷயத்தில் இரண்டு. பழைய ரெனோ ஸோ போன்ற சில கார்கள், கார் சொந்தம், பேட்டரி வாடகை என்ற முறையில் விற்கப்பட்டவை. வாடகை யார் பெயரில் தொடர்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அடுத்தது, பேட்டரி உத்தரவாதம். பல தயாரிப்பாளர்கள் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதக் கொள்ளளவு என்று தருகிறார்கள். அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா, சர்வீஸ் விட்டுப்போனால் ரத்தாகுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் ஆப்பிலிருந்து பழைய உரிமையாளரின் கணக்கை அவர் முன்னாலேயே நீக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சரி, வாங்கிய பின் கழற்றியவை.

முதலில் பிரேக். மின்காரில் வேகம் குறைப்பதில் பெரும் பங்கை மோட்டாரே ரீஜென் மூலம், அதாவது வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி, செய்துவிடும். பேட் டிஸ்க்கைத் தொடுவது அபூர்வம். பேட் தேயாது என்பது லாபம். ஆனால் உரசாத டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை அழுத்தும் காலிப்பர் நகராமல் இறுகும். வாங்கும் முன் ஓட்டிப் பார்த்தபோது, சாலையில் யாருமில்லாத இடத்தில் நியூட்ரலில் போட்டுப் பிரேக் பிடித்தேன். பெரும்பாலான கார்களில் நியூட்ரலில் ரீஜென் இருக்காது, வெறும் டிஸ்க் பிரேக் மட்டும் வேலை செய்யும். பின்னாலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது, வண்டி லேசாக இடது பக்கம் இழுத்தது. அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன்.

வீட்டில் தூக்கியபோது கவனிக்க வேண்டியது ஜாக் வைக்கும் இடம். அடியில் முழுக்கப் பேட்டரி பேக் படுத்திருக்கிறது. குறிக்கப்பட்ட இடத்தைவிட்டு ஜாக் வைத்தால் பேக்கின் தட்டு நசுங்கும். வாங்கும் முன் பாயை விரித்துப் படுத்துப் பார்த்ததும் இதற்குத்தான்: தட்டில் பள்ளம், கீறல், கூலன்ட் கசிந்த வெள்ளைப் படிவு. பின் பிரேக் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் என்பதால், ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோன பின்பே பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். கிளாம்ப் வைத்து முரட்டுத்தனமாகத் தள்ளினால் உள்ளேயிருக்கும் மோட்டார் கியர் உடையும்.

பின் வலது காலிப்பரின் கீழ் ஸ்லைடு பின் துருவில் இறுகியிருந்தது. ஒரு பக்கம் பிடிக்காததால்தான் வண்டி இடதுபுறம் இழுத்தது. ஊடுருவும் ஆயில் விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வெளியே எடுத்தேன். ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்திருந்தது. பின்னை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துளையைப் பிரேக் கிளீனரால் கழுவி, புது உறை போட்டு, பிரேக்குக்கான சிலிக்கோன் கிரீஸ் தடவினேன். மினரல் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும். டிஸ்க்கின் துரு பள்ளமாகவே இறங்கியிருந்ததால் பின்னிரண்டையும் பேடோடு மாற்றினேன். பிரேக் ஆயிலும் மாற்றினேன். இப்போது வாரம் ஒருமுறை நியூட்ரலில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்து டிஸ்க்கை உரசவிடுகிறேன்.

அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. இவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது இந்தச் சின்னது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் கான்டாக்டரை இழுப்பதே இந்தச் சின்னதுதான். இது சோர்ந்தால் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும், பட்டறையில் பெரிய பெட்டிகளை மாற்றச் சொல்வார்கள். இரவு நிறுத்தி வைத்து காலையில் அளந்தேன்: 12.1 வோல்ட். நல்லதென்றால் 12.6ஐ ஒட்டி இருக்க வேண்டும். காரை ரெடி நிலைக்குக் கொண்டுவந்ததும் 14.3 வந்தது. ஆகவே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதைச் சார்ஜ் செய்யும் டிசி-டிசி கன்வர்ட்டர் நலம், பேட்டரிதான் வயதானது. அதே அளவு, அதே வகைப் பேட்டரி வாங்கி மாற்றினேன். அதன்பின் அவ்வப்போது வந்த ஸ்டியரிங் எச்சரிக்கையும் வரவில்லை.

சார்ஜ் போர்ட்டில் கேபிளைப் பூட்டும் குச்சி சில நேரம் பின்வாங்க மறுத்தது. போர்ட்டின் அடியிலுள்ள வடிகால் துளை தூசியால் அடைத்து, மழைநீர் உள்ளே நின்றிருந்தது. மெல்லிய நைலான் இழையால் துளையைத் திறந்து, காற்றடித்து உலர்த்தியதும் சரியானது. பின்களை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். மேலேயுள்ள வெள்ளிப் பூச்சு போய்விட்டால் சூடேறுவது கூடும். அவசரத்தில் பூட்டைக் கையால் விடுவிக்கும் கயிறு எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே தேடிப் பார்த்துவைத்தேன்.

மோட்டாருக்கு அடுத்துள்ள கியர் பெட்டியில் ஆயில் இருக்கிறது. மின்காருக்கு ஆயிலே இல்லை என்ற பேச்சில் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வாங்கும் முன் சுவரோரம் மெதுவாக ஓட்டி, ஜன்னலைத் திறந்து கேட்டேன். விசில் போன்ற சீரான ஒலி இயல்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் தட்டும் ஒலி வந்தால் பேரிங்கோ கியரோ தேய்ந்திருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஆயிலை இறக்கிப் பார்த்தேன். கறுத்திருந்தது, உலோகத் துகள் இல்லை. தயாரிப்பாளர் சொன்ன வகையை, சொன்ன அளவு நிரப்பினேன்.

மிச்சமிருப்பது டயர். நான்கிலும் வெளிப்புறம் நன்றாக இருக்க, முன்னிரண்டின் உள் விளிம்பு கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிவைத்துத்தான் பார்க்க வேண்டும். எடை அதிகமான வண்டி என்பதால் முன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் தளர்ந்திருக்கிறது. புஷ் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, அதன் பிறகே புது டயர் போட வேண்டும். அளவு ஒன்றுபோல இருந்தாலும், டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸ் எண் பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்ததாக இருக்கக் கூடாது என்று கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.